அஸ்னவூரின் ஆர்மீனியப் பற்றும், வீணாய்ப்போன இளமையைப் பற்றிய அவருடைய பாடல்களும்

கேள்வி இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. பாரிஸில் பிறந்து பிரெஞ்சுப் பாடல்களால் உலகப்புகழ் பெற்ற ஷார்ல் அஸ்னவூர், தாம் ஒருநாளும் குடியிருந்திராத ஆர்மீனியாவுக்குக் கடைசிவரை அவ்வளவு கட்டுப்பட்டிருந்தது ஏன் என்பது முதற்பகுதி. இளமையைப் பாழாக்கிவிட்டேன் என்று அவர் திரும்பத் திரும்பப் பாடியது அவருடைய சொந்த வாழ்க்கைதானா என்பது இரண்டாவது. பொதுவாக இவ்விரண்டையும் தனித்தனியாகவே பேசுவார்கள்: ஆர்மீனியா அவருடைய பொதுவாழ்வு, இளமை பற்றிய பாடல்கள் அவருடைய கலை என்று பிரித்துவிடுவார்கள். என் கருத்தில் இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை. இளமையை வீணாக்கியவனின் குரலில் அத்தனை உறுதியாகப் பாடியவர், தம் இளமையில் ஒரு நாளையும் வீணாக்கியவர் அல்லர். இழந்தது திரும்பி வராது என்ற அறிவை அவர் தம் பெற்றோரிடமிருந்து பெற்றார். அதனால்தான் அந்தப் பாடல்களை முதுமைக்கு நெடுங்காலம் முன்பே அவரால் எழுத முடிந்தது.

குடும்பத்திலிருந்து தொடங்குகிறேன். தந்தை மிஷா அஸ்னவூரியன் இன்றைய ஜார்ஜியாவில் உள்ள அகால்த்சிகே என்ற ஊரைச் சேர்ந்தவர். தாய் க்னார் பக்தசாரியன், அன்றைய உதுமானியப் பேரரசின் அடாபசாரைச் சேர்ந்தவர். 1915 ஏப்ரல் 24 அன்று துருக்கியரின் உதுமானிய அரசு கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஆர்மீனிய அறிஞர்களையும் தலைவர்களையும் கைது செய்ததில் தொடங்கி, ஒரு மக்களினத்தையே ஊர்களிலிருந்து பெயர்த்துப் பாலைவனத்தை நோக்கி நடத்திக் கொன்ற அந்த இனப்படுகொலையில் இறந்தவர்கள் ஏறத்தாழ 15 லட்சம் பேர் என்று ஆர்மீனியர்கள் சொல்கிறார்கள். அதில் க்னாரின் உறவினர்களும் மாண்டார்கள். அவர் பிழைத்து வந்தார். தப்பி வந்த அந்தத் தம்பதியருக்கு முதற்குழந்தை ஆயிதா 1923இல் கிரேக்கத் துறைமுக நகரான தெசலோனிகியில் பிறந்தார். அமெரிக்காவுக்கு விசா கிடைக்கும்வரை தங்கலாம் என்றுதான் அவர்கள் பாரிஸுக்கு வந்தார்கள். விசா வரவில்லை. 1924 மே 22 அன்று மகன் பிறந்தான். பெற்றோர் வைத்த பெயர் ஷாநூர்; மருத்துவமனையில் இருந்த செவிலியருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாததால் ஷார்ல் ஆயிற்று என்பது அக்குடும்பத்தினர் சொல்லிவந்த கதை. பிற்பாடு மேடைக்காகக் குடும்பப் பெயரின் வாலையும் நறுக்கிக்கொண்டு அஸ்னவூர் ஆனார். பெயரில் அவர் செய்துகொண்ட சமரசம் அவ்வளவுதான்.

தந்தை மிஷா நல்ல குரல்வளம் உள்ள பாடகர். பாரிஸின் இலத்தீன் குடியிருப்புப் பகுதியின் குறுகிய தெருக்களில் ஒன்றான ரூ தெ லா உய்ஷெத்தில் ‘காகசஸ்’ என்ற பெயரில் ஓர் உணவகம் நடத்தினார். நாடிழந்து வந்த ஆர்மீனியர்களும் ரஷ்யர்களும் கூடும் இடம் அது. கையில் காசில்லாதவர்களுக்கும் சோறு போட்டார், தாமே பாடினார், கணக்குப் பார்க்கவில்லை, கடை நொடித்துப்போனது. வீட்டில் ஆர்மீனிய மொழி புழங்கியது. பெற்றோர் இருவரும் புலம்பெயர்ந்தோரின் ஆர்மீனிய நாடகங்களில் நடித்தார்கள். 1980இல் அஸ்னவூர் தம் வாழ்க்கை வரலாறு என்றே தலைப்பிட்டு ஒரு நீண்ட பாடலை வெளியிட்டார். இலத்தீன் குடியிருப்பில் மொசியூ லெ பிரன்ஸ் தெருவில், தட்டுமுட்டுச் சாமான்களோடு வாடகைக்குக் கிடைத்த ஒரு சோகமான அறையில் கண் திறந்தேன் என்று அது ஆரம்பிக்கும். அவருடைய பாடல்களிலேயே ‘நான்’ என்ற சொல்லை அப்படியே நம்பிவிடக்கூடிய பாடல் இதுதான். இதைக் கேட்டவர்கள், மற்றப் பாடல்களில் வரும் ‘நான்’ வேறு ஆள் என்பதை உடனே உணர்வார்கள்.

ஜெர்மானியர்கள் பாரிஸை ஆக்கிரமித்திருந்த ஆண்டுகளில் இந்தக் குடும்பம் ரூ தெ நவாரனில் குடியிருந்தது. அந்தச் சிறிய வீட்டில் யூதர்கள் ஒளிந்து பிழைத்தார்கள். ஜெர்மானியப் படையில் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்டுத் தப்பியோடிய ஆர்மீனியர்களும் அங்கே ஒளிந்திருந்தார்கள். ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போரிட்ட இயக்கத்தின் தலைவரும் ஆர்மீனியக் கவிஞருமான மிசாக் மனூஷியனும் அவர் மனைவி மெலினேயும் அந்த வீட்டின் நெருங்கிய நண்பர்கள். மனூஷியனும் தோழர்களும் 1944 பிப்ரவரி 21 அன்று மோன் வலேரியன் கோட்டையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்போது அஸ்னவூருக்கு வயது 19. தமக்கு மிகவும் தெரிந்த, தம் மொழி பேசிய ஒரு மனிதர், தமக்கு அடைக்கலம் கொடுத்த நாட்டுக்காகச் செத்ததை அந்த வயதில் ஒருவன் காண்கிறான். ஆர்மீனியராக இருப்பதும் பிரெஞ்சுக்காரராக இருப்பதும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல என்று அவருக்குப் பாடம் எடுக்க அதன்பின் யாரும் தேவைப்பட்டிருக்க முடியாது. நான் நூறு விழுக்காடு பிரெஞ்சுக்காரன், நூறு விழுக்காடு ஆர்மீனியன் என்று பேட்டிகளில் அவர் சொல்லிவந்ததை வெறும் மேடைப்பேச்சாக என்னால் எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவே காரணம். யூதர்களைக் காத்ததற்காக அவருக்கும் சகோதரி ஆயிதாவுக்கும் 2017இல் இஸ்ரேலில், யூதர்களைக் காத்த சுவீடன் தூதர் ரவூல் வாலன்பெர்க் பெயரிலான பதக்கம் அளிக்கப்பட்டது.

இனி இளமைக்கு வருகிறேன். அஸ்னவூர் 1933இல், ஒன்பது வயதில், நாடக மேடை ஏறியவர். அதற்குப்பின் அவர் வேலை செய்யாமல் இருந்த காலமே இல்லை. பியானோ வாசித்த பியர் ரோஷோடு சேர்ந்து இரவு விடுதிகளில் பாடினார்; புகழ்பெற்ற பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃபின் கூடவே அலைந்து, அவருக்குக் கார் ஓட்டி, விளக்கு பார்த்து, பாட்டும் எழுதிக்கொடுத்தார்; கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக்கில் போய்ப் பாடினார். கரகரத்த குரல், குள்ளமான உருவம் என்று விமர்சகர்கள் எழுதியதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் தாங்கினார். பிற பாடகர்கள் அவர் எழுதிய பாடல்களை விரும்பி வாங்கினார்கள். அவரே பாடினால் கேட்க ஆளில்லை. 1960 டிசம்பரில் பாரிஸ் அல்ஹாம்ப்ரா அரங்கில், பேரும் புகழும் வரும் என்று பதினெட்டு வயதில் கனவுகண்டு கடைசிவரை அறியப்படாமலே போன ஒரு பாடகனின் பாட்டை, பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டியபடி பாடினார். அந்தப் பாத்திரம் எதிரில் இல்லாத ஒரு கூட்டத்தைப் பார்த்துப் பாடுகிறது. தோற்றுப்போனவனின் அந்தப் பாட்டுதான் பாடியவரை வெற்றிபெறச் செய்தது. அப்போது அவருக்கு 36 வயது. தமக்கு நடக்காததை, நடந்திருக்கக்கூடியதை, நடந்ததுபோல் சொல்லும் அவருடைய திறமை அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

1950களிலேயே, இருபது வயதின் செல்வம் கையில் இருக்கும்போதே அதைக் குடித்துத் தீர்த்துக்கொள், அது விரலிடுக்கில் ஓடிவிடும் என்ற பொருளில் ஒரு பாட்டை அவர் எழுதியிருந்தார். அதில் எச்சரிக்கைதான் இருக்கிறது, குற்றவுணர்ச்சி இல்லை. குற்றவுணர்ச்சி முழு உருவம் எடுப்பது 1964இல் வந்த ‘இயேர் ஆங்கோர்’ பாட்டில். ‘நேற்றுகூட’ என்று தமிழில் சொல்லலாம். நேற்றுகூட எனக்கு வயது இருபது என்று அது தொடங்கும். எழுதியவருக்கு அப்போது வயது நாற்பது.

இந்தப் பாட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரே சிறிய இசைத்தொடர், ஒவ்வொரு முறையும் ஒரு படி கீழே இறங்கிக்கொண்டே போகிறது. பாடுகிறவர் மேலே ஏறத் துடித்தாலும் மெட்டு அவரைக் கீழேயே இழுக்கிறது. சொற்களில் முதலில் வருவது பொதுவான ஏக்கம்: காலத்தோடு விளையாடினேன், நாட்களை எண்ணாமல் இரவில் வாழ்ந்தேன், போட்ட திட்டங்களெல்லாம் காற்றோடு போயின. இவ்வளவோடு நின்றிருந்தால் அது ஆயிரம் பாட்டுகளில் ஒன்றாகியிருக்கும். இரண்டாம் பகுதியில் அவர் திடுமென்று குறிப்பான ஒரு குற்றத்தைச் சொல்கிறார். எந்தப் பேச்சாக இருந்தாலும் ‘நான்’ என்ற சொல்லையே முன்னால் வைத்துப் பேசினேன், என் கருத்தே சரி என்று எண்ணி உலகத்தைச் சர்வ சாதாரணமாகக் குறைகூறினேன் என்கிறார். இளமை கழிந்ததற்கு வருந்துகிறவர்கள் வழக்கமாக அழகையும் காதலையும் நினைத்து வருந்துவார்கள். தன் அகந்தையை நினைத்து வருந்துகிறவன் அரிது. மூன்றாம் பகுதியில் நெற்றிச் சுருக்கமும் சலிப்பின் அச்சமும் மிஞ்சியிருக்கின்றன. நண்பர்கள் போய்விட்டார்கள், இனித் திரும்ப மாட்டார்கள். என்னைச் சுற்றிய வெறுமையை நானே உண்டாக்கினேன் என்று ஒப்புக்கொள்கிறான். என் இருபது வயது இப்போது எங்கே என்ற கேள்வியோடு பாட்டு முடிகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தக் கடைசிக் கேள்வி வேறொன்றை நினைவூட்டாமல் இராது. புறநானூற்றின் 243ஆம் பாட்டில் தொடித்தலை விழுத்தண்டினார், ஆற்றங்கரை மருதமரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறி, கரையில் நின்றவர் மருள ஆழமான மடுவில் குதித்து, மூழ்கி, அடிமணலை அள்ளிவந்து காட்டிய தம் இளமையை எண்ணி, “அளிதோ தானே யாண்டுண்டு கொல்லோ” என்று கேட்கிறார். தடியூன்றி, இருமலுக்கு இடையே சில சொற்களே பேச முடிந்த முதியவரின் வாயிலிருந்து வரும் கேள்வி அது. கேள்வி ஒன்றுதான், ஆனால் கேட்கிறவர்கள் வேறு. சங்கப் புலவரின் இளமை முழுமையாக வாழப்பட்டது. மணலை அள்ளிக் காட்டிய கைக்குக் குறையேதும் இல்லை. போய்விட்டதே என்ற இரக்கம்தான் அங்கே இருக்கிறது. அஸ்னவூரின் பாத்திரத்துக்கு அந்த ஆறுதலும் இல்லை. அவன் மடுவில் குதிக்கவேயில்லை. வாழ்ந்து முடித்த இளமைக்கு வருந்துவதைவிட, வாழாமல் விட்ட இளமைக்கு வருந்துவது கொடியது. அந்தக் கொடுமையை முறையீடாக்காமல், தன்மீது தானே கொண்டுவரும் வழக்காக ஆக்கியதுதான் இந்தப் பாட்டின் சாதனை என்று கருதுகிறேன்.

ஹெர்பர்ட் கிரெட்ஸ்மர் ஆங்கிலத்தில் எழுதிய வடிவத்தை அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் ராய் கிளார்க் 1969இல் பாடிப் பெரும் வெற்றி கண்டார். பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டில் தம் இறுதிச் சடங்கில் இதைப் பாட வேண்டும் என்று கேட்டுக்கொண்டதும், 1995இல் கிளார்க் அப்படியே பாடியதும் பலர் அறிந்தவை. குடியால் உடலைக் கெடுத்துக்கொண்டதை மேன்டில் கடைசி ஆண்டுகளில் வெளிப்படையாகச் சொல்லி வருந்தியவர். பாரிஸில் ஓர் ஆர்மீனிய அகதியின் மகன் எழுதிய பாட்டில் ஓக்லஹோமாவில் பிறந்த ஒரு விளையாட்டு வீரர் தம்மைக் கண்டுகொண்டார் என்றால், அதன் ‘நான்’ யாருடையது என்ற கேள்விக்கே அவசியமில்லை.

‘நேற்றுகூட’ பாட்டுக்கு அடுத்த ஆண்டு, 1965இல், ‘லா போஎம்’ வந்தது. சொற்கள் ழாக் பிளாந்த் எழுதியவை; இசை அஸ்னவூருடையது. பட்டினி கிடந்து ஓவியம் வரைந்த ஒருவனும், அவனுக்கு மாதிரியாக உட்கார்ந்த காதலியும், ஓவியர்கள் கூடிய பாரிஸ் பகுதியான மோன்மார்த்தரில் ஜன்னலைத் தொடும் லைலாக் பூக்களும் மூன்று தட்டு கொண்ட அந்த வால்ட்ஸ் நடன நடையில் சுழன்று வருகிறார்கள். மேடையில் அவர் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை ஓவியனின் துணிபோல் கையில் பிடித்து, விரல்களைத் துடைத்துக்கொண்டே பாடி, முடிவில் அதை நழுவ விடுவார். எல்லோரும் கைக்குட்டையைப் பேசுவார்கள். நான் கவனிக்கச் சொல்வது கடைசிப் பகுதியை. அவன் ஒருநாள் பழைய முகவரியைத் தேடிப் போகிறான். சுவர்களையும் தெருக்களையும் அடையாளம் தெரியவில்லை. படிக்கட்டின் உச்சியில் தன் ஓவியக்கூடத்தைத் தேடுகிறான், அதில் எதுவும் மிஞ்சவில்லை. இளமை இங்கே ஓர் ஊராகிவிட்டது. திரும்பிப் போனாலும் இல்லாத ஊர். அடாபசாரைப் பற்றியும் அகால்த்சிகேயைப் பற்றியும் பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்த ஒருவர் இந்தப் பகுதிக்குக் கொடுத்த குரலை, தம் சொந்த ஊரிலேயே இருந்து மூத்த ஒருவர் கொடுத்திருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம். இது என் வாசிப்பு. அஸ்னவூர் இப்படிச் சொன்னதாக நான் கூறவில்லை.

இரண்டு தடங்களும் வெளிப்படையாகச் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. இனப்படுகொலையின் அறுபதாம் ஆண்டான 1975இல் அவர் எழுதிய ‘அவர்கள் வீழ்ந்தார்கள்’ என்ற பாட்டு அது. இசையமைத்தவர் ஆயிதாவின் கணவர் ழோர்ழ் கர்வரென்ட்ஸ். அவரும் புலம்பெயர்ந்த ஆர்மீனியக் குடும்பத்தவர். வீட்டு வாசலிலும் கோயில் வாசலிலும் விழுந்தவர்களையும், தாகத்தாலும் பசியாலும் பாலைவனத்தில் விழுந்தவர்களையும் அது வரிசையாகச் சொல்கிறது. ஐரோப்பா அப்போது ஜாஸ் இசையைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது, எக்காளங்களின் ஓலம் குழந்தைகளின் அலறலை மூடிவிட்டது என்று ஓர் இடம் வருகிறது. ஜாஸை உயிராக நேசித்த ஒரு பாடகர், தம் தொழிலையே சாட்சிக்கூண்டில் ஏற்றும் இடம் அது. கொன்றவர்கள் யார் என்று பாட்டில் பெயர் சொல்லவே இல்லை. கோழைத்தனத்தால் விட்டது என்று இதைச் சொல்ல முடியாது. துருக்கிய மக்கள்மீது எனக்குப் பகையில்லை என்று அவர் பலமுறை சொன்னவர், அதே வேளையில் நடந்ததை ஏற்க வேண்டும் என்பதில் தளராதவர்.

இளமை பற்றிய நம் கேள்விக்கு முக்கியமானவை இந்தப் பாட்டின் இரண்டு இடங்கள். தங்கள் குழந்தைகள் தங்கள் குழந்தைப்பருவத்தைத் தொடர்ந்து வாழ்வார்கள் என்று கள்ளமில்லாமல் நம்பியபடியே அவர்கள் வீழ்ந்தார்கள் என்பது ஒன்று. வயதைக் கேட்காமலே சாவு அவர்களை அடித்தது என்பது மற்றொன்று. 1964இன் பாட்டையும் இதையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால், ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் இரண்டு வகை இழப்புகளைப் பிரித்து வைத்திருந்தார் என்பது தெரியும். முதலாவதில் இளமையை அழித்தவன் அதன் சொந்தக்காரனே. அங்கே அவர் இரக்கம் காட்டுவதில்லை, பழியை யார்மேலும் போட விடுவதில்லை. இரண்டாவதில் இளமை பிறரால் பறிக்கப்பட்டது. அங்கே இறந்தவர்களின் பக்கம் நின்று, புதைகுழியும் இல்லாமல் உறங்கும் அந்த மக்களில் நானும் ஒருவன் என்கிறார். பறிக்கப்பட்டவர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்குத் தானாகத் தொலைப்பது எவ்வளவு பெரிய குற்றமாகத் தெரியும் என்பதை எண்ணிப்பாருங்கள். ‘நேற்றுகூட’ பாட்டின் கடுமை அங்கிருந்து வருவதாகவே நான் நம்புகிறேன்.

1988 டிசம்பர் 7 அன்று வட ஆர்மீனியாவில் நிலநடுக்கம் ஏற்பட்டு ஸ்பிதாக் நகரம் தரைமட்டமானது. இன்று கியூம்ரி எனப்படும் லெனினகானும் சிதைந்தது. மாண்டவர்கள் ஏறத்தாழ 25,000 பேர். அதுவரை ஆர்மீனியா அவருக்கு நினைவும் மொழியும் இசைப்பயணமும்தான். அன்றிலிருந்து அது அன்றாட வேலையாயிற்று. உதவிக்கென்று ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். 1989இல் ‘உனக்காக, ஆர்மீனியா’ என்ற பாட்டை எழுதி, பிரான்ஸின் புகழ்பெற்ற கலைஞர்கள் எண்பதுக்கும் மேற்பட்டோரைச் சேர்த்துப் பாடவைத்தார். இசை மீண்டும் கர்வரென்ட்ஸ். படமாக்கியவர் ஆர்மீனிய வழிவந்த இயக்குநர் ஆன்றி வெர்நோய். அந்த இசைத்தட்டு பிரான்ஸில் பல வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. உன் வசந்தங்கள் மறுபடி பூக்கும் என்று எதிர்காலத்தில் பேசும் பாட்டு அது. அவருடைய இளமைப் பாடல்கள் எவற்றிலும் எதிர்காலமே இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தன்னந்தனி மனிதனுக்கு அவர் தராத நம்பிக்கையை ஒரு மக்களுக்குத் தந்தார்.

அதன்பின் வந்த சிறப்புகள் பெரும்பாலும் தெரிந்தவையே. 2001இல் கியூம்ரியில் அவருக்குச் சிலை எழுப்பினார்கள். 2004இல் ஆர்மீனியாவின் தேசிய வீரர் என்ற பட்டம் கிடைத்தது. 2008 டிசம்பரில் ஆர்மீனியக் குடியுரிமை பெற்றார். 2009இல் சுவிட்சர்லாந்துக்கான ஆர்மீனியத் தூதர் ஆனார், ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் அமைப்பிலும் அந்நாட்டின் பிரதிநிதியாக இருந்தார். 85 வயதை நெருங்கும் ஒருவர் தூதரகப் பணியை ஏற்றது வெறும் அலங்காரமாகப் பலருக்குப் பட்டிருக்கலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஆர்மீனிய வழிவந்த கனடிய இயக்குநர் ஆட்டம் ஈகோயனின் 2002ஆம் ஆண்டுத் திரைப்படமான ‘அராரத்’தில் அவர் ஏற்ற வேடம். இனப்படுகொலையைப் படமெடுக்கும் முதிய ஆர்மீனிய இயக்குநராக அதில் நடித்தார். தம் தாயின் கதையை எப்படிச் சொல்வது என்று தேடும் ஒரு மகன் அந்தப் பாத்திரம். க்னாரின் மகனுக்கு அதைவிடப் பொருத்தமான வேடம் எதுவும் வாய்த்திருக்க முடியாது.

தொண்ணூறு கடந்தும் அவர் பாடினார். 2015இல் புதிய இசைத்தொகுப்பை வெளியிட்டார். 2018 செப்டம்பரில் ஜப்பானில் கச்சேரி செய்துவிட்டு வந்து, அக்டோபர் 1 அன்று தென்பிரான்ஸின் மூரியேஸில் 94 வயதில் இறந்தார். பாரிஸ் அன்வலீத் வளாகத்தில் அரசு மரியாதை நடந்தபோது ஆர்மீனியப் பிரதமரும் இருந்தார், ஆர்மீனியரின் துதுக் குழலும் ஒலித்தது. இருபது வயதைத் தொலைத்த மனிதனின் பாட்டை அவர் நாற்பதில் பாடியதையும் தொண்ணூறில் பாடியதையும் ஒலிப்பதிவுகளில் ஒப்பிட்டுக் கேட்கலாம். நாற்பதில் குரல் கெஞ்சுகிறது. தொண்ணூறில் பல வரிகளைப் பேச்சுபோலவே சொல்லிவிட்டுப் போகிறார், மெட்டைச் சில இடங்களில் இசைக்குழுவிடம் விட்டுவிடுகிறார். முதுமையின் தளர்ச்சி என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. பாத்திரத்தின் வயதும் பாடகரின் வயதும் கடைசியில் ஒன்றாகிவிட்டதால் நடிக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் 1980இன் தன்வரலாற்றுப் பாட்டைக் கேளுங்கள். வீட்டையும் மனிதர்களையும் அறிமுகம் செய்துகொள்வீர்கள். அடுத்து ‘அவர்கள் வீழ்ந்தார்கள்’. அதற்குப் பிறகே ‘நேற்றுகூட’. ‘லா போஎம்’ பாட்டைக் கடைசியில் வையுங்கள். எல்லோரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள், மெட்டின் இனிமையில் அதன் இறுதிப் பகுதியைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பிரெஞ்சு தெரியாதவர்கள் பாடல் வரிகளின் பொருளை முன்னதாகவே படித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அஸ்னவூர் தம்மை முதலில் எழுத்தாளராகவும் பிறகே பாடகராகவும் கருதியவர்.